ஏலக்காய் இறங்கும் வழி

நாசிக் ரயிலடியில் டீக்கடைக்காரர் ஏலக்காயை நசுக்கியதும் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், சித்தப்பா மகள் பேச்சியக்காவோடு நெல்லிக்காய் பறிக்க மேகமலைச் சரிவில் ஏறியிருந்தேன். மூடுபனி இறங்கி வழியை மறைத்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் இறங்காவிட்டால் காட்டில்தான் கிடக்க வேண்டும். ஈரமண்ணில் பொதிக்கழுதைகளின் குளம்புத் தடம் தெரிந்தது. அதைப் பிடித்தே நடந்தோம். பாதை மேலும் கீழுமாக வளைந்தது. ஓரிடத்தில் அரிசி சிந்திக் கிடக்க, அக்கா நின்றுவிட்டாள்.

"ஏலே, அரிசி வெள்ளைக்காரன் தோட்டத்துக்குல்ல போகும். நாம மலைக்குள்ள போய்க்கிட்டு இருக்கோம்."

திரும்பி வந்தோம். பாதை பிரிந்த இடத்தில் இன்னொரு தடம் வேறு பக்கம் போனது. அதன் ஓரத்துப் புதர்களை அக்கா முகர்ந்து பார்த்தாள். மூட்டைகள் உரசிய இலைகளில் ஏலக்காய் மணந்தது.

"ஏலக்கா ஊருக்குத்தான் இறங்கும். வாடா."

அந்தத் தடம் போன திக்கில் ஓடினோம். அடிவாரத்தில் கழுதைக்காரர் தன் கழுதைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்து நின்ற எங்களையும் சேர்த்து எண்ணினார்.

"ஏழு கழுதையத்தானே ஓட்டியாந்தேன். ஒம்பது நிக்கிது" என்றார்.