கேத்தலுக்கு ஒரு நேர்த்தி

என் மேசைக்கு மேலே சுவரில் மாவட்ட வரைபடம் ஒன்று தொங்கியது. தொழுநோய் கண்டுபிடிக்கப்பட்ட இடத்தில் எல்லாம் சிவப்புத் தலைக் குண்டூசி குத்துவது பரிசோதகனான என் வேலை. திருகோணமலைக்கு மாற்றலாகி வந்த கொஞ்ச நாளிலேயே படம் நன்றாகச் சிவந்துவிட்டது. எங்கள் டொக்டர் ஒருநாள் அதன் முன்னால் நின்று, ஊசிகள் கடற்கரை ஓரமாகவே நிற்கின்றனவே, மீன் சாப்பிடுவதற்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று தாடையைத் தடவினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவை நின்றது கடலோரமாக அல்ல, என் சைக்கிள் ஓடக்கூடிய தார் வீதியோரமாக. உப்புவெளியில் பாதை நல்லது, அதனால் அங்கே நோய் இருந்தது. சாம்பல்தீவின் உள்பாதைகளில் சில்லு மணலில் புதையும், அதனால் அங்கே நோய் இல்லை. பிறகு ஒரு கிழமை சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஊசி குத்த வேண்டி வந்தது.

“நீர் வந்தாப் பிறகுதான் இந்த மாவட்டத்தில தொழுநோய் வருத்தம் கூடியிருக்கு” என்றார் டொக்டர்.

“தேடினாத்தானே சேர் கிடைக்கும்” என்றேன். அவர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. ஆனால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டியவர் அவர்தான் என்பதால் பெருமூச்சு விட்டார்.

சனங்களுக்கும் என்னைக் கண்டால் பிடிக்காது. என் சைக்கிள் ஒரு வீட்டுப் படலையில் சாய்ந்து நின்றால் போதும், அந்த வீட்டைப் பற்றி ஊர் முழுக்கக் கதை கிளம்பிவிடும். தேமலைக் காட்டிக்கூட ஒருவரும் என்னிடம் வரமாட்டார்கள். நான் ஆற அமர இருந்து மனிதரோடு கதைத்த ஒரே இடம், மூதூருக்குப் போகும் லாஞ்சுப் படகு புறப்படும் ஜெட்டித் துறைக்குப் பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக்கடைதான்.

அந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பலகை அடித்த சுவர், தகரக் கூரை, உட்கார இரண்டு வாங்கு, அவ்வளவுதான். சீனிக்குக் கூப்பன் இருந்த காலம் என்பதால், பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். தேத்தண்ணியும் அப்படி ஒன்றும் அமுதம் அல்ல. ஆனாலும் பக்கத்துக் கடை ஈயோட்ட, இங்கே சனம் நெருக்கியடிக்கும். அவர்கள் வந்தது முதலாளியின் கையைப் பார்க்க. அடுப்பில் கொதிக்கும் பெரிய கேத்தலின் இரும்புப் பிடியை அவர் சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் கொளுவி, வெறுங்கையால் தூக்குவார். தூக்கியது மட்டுமல்லாமல், யார் வீட்டில் என்ன நடந்தது என்று நின்று நிதானமாகக் கதைத்துக்கொண்டே ஊற்றுவார். லாஞ்சுக்கு நிற்கிற புதுமுகங்கள் வாயைப் பிளக்கும்.

“முதலாளிட கை இரும்பா, எலும்பா?” என்று தினமும் கேட்கிற ஒருவர் இருந்தார். மூதூரிலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்பும் முஸ்லிம் வியாபாரி. கடையில் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவார்கள். அவர் கேட்டவுடன் எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்! காடு மேடெல்லாம் வியர்க்க வியர்க்க நோயைத் தேடித் திரிந்தவன், வந்து உட்கார்ந்து அதற்குக் கைதட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

ஒருநாள் கிளாசை என் முன்னால் வைத்தபோது அவருடைய சுண்டுவிரலில் கொப்புளம் ஒன்று உடைந்து தோல் தொங்கியது. “எப்ப சுட்டது?” என்றேன்.

“எது?” என்றார்.

கையைத் திருப்பிப் பார்த்து, அவரும் என்னைப் போலவே ஆச்சரியப்பட்டார். என் வாயில் இருந்த பனங்கட்டி கசந்தது.

லாஞ்சு போய்க் கடை வெறுமையானதும் அவரை அடுப்படிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கைக்குக் கீழே, மயிர் உதிர்ந்து வெளிறிய ஒரு வட்டம் இருந்தது. சாம்பல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாராம். இந்த நோய் பிடித்த இடத்துக்குத் தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. கண்ணை மூடச் சொல்லி, பையிலிருந்த கோழி இறகை எடுத்தேன். இறகு படுகிற இடத்தை மற்றக் கையின் விரலால் அவர் தொட்டுக் காட்ட வேண்டும். தோளில் பட்டதும் காட்டினார். கட்டைவிரலில் பட்டதும் கூச்சத்தில் நெளிந்து காட்டினார். பிறகு அந்த வெளிறிய வட்டத்திலும் சுண்டுவிரலிலும் மெல்ல இழுத்தேன். திரும்பவும் இழுத்தேன். அவர் கண்ணை மூடியபடி, சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தார்.

“தொடுங்கோவன் ஐயா, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?”

அந்த வேலையில் எத்தனையோ பேருக்கு நான் நோயைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கையிலிருந்த இறகையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய மனைவி வடைத் தாச்சியை இறக்கிவிட்டு வந்து நின்றார். இறகைக் கண்டதும் அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஜெட்டியில் என் தொழில் தெரியாதவர்கள் யார்?

“தீவில ஒதுக்கி வைக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்களோ?” என்று கேட்டார் முதலாளி.

“இல்லை. குளிசை போட்டால் மாறும். நீங்கள் வீட்டிலயே இருக்கலாம்.”

“வீடு கிடக்கட்டும் ஐயா. கடை? இந்தக் கதை வெளியில வந்தா என்ர தேத்தண்ணியை ஒரு நாய் குடிக்குமோ?”

பின்கதவு வழியாக அவரை டொக்டரிடம் கொண்டுபோனேன். காது மடலில் கீறி எடுத்துப் பார்த்ததில் கிருமி இல்லை. மற்றவருக்குத் தொத்தாத வகை. மனைவியையும் பார்த்தோம், ஒன்றும் இல்லை. “உணர்ச்சி திரும்ப வரலாம், வராமலும் விடலாம். ஆனா இப்பிடியே சுட்டுக்கொண்டிருந்தா விரல் மிஞ்சாது. இனிமேல் துணி பிடிக்காமக் கேத்தலைத் தொடக்கூடாது” என்றார் டொக்டர்.

குளிசை விஷயம் சுலபமாக முடிந்தது. சிகரெட் பற்றவைக்க நெருப்புப்பெட்டி கேட்பேன். திருப்பிக் கொடுக்கும்போது குச்சிக்குப் பதிலாகப் பெட்டிக்குள் வெள்ளைக் குளிசைகள் இருக்கும். இதற்காகவே நான் வேண்டியதைவிட அதிகமாகப் புகைத்தேன் என்று வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. பிரச்சினை துணியில்தான் இருந்தது. இரும்புக் கைக்காரர் திடீரென்று துணி பிடித்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் கதை பிறக்கும். நானும் அங்கேதான் குந்தியிருக்கிறேன் என்பதையும் சேர்த்தால் முழுக் கதையும் வந்துவிடும்.

“கோயில் நேர்த்தி எண்டு சொல்லுங்கோ” என்றேன். “வெறுங்கையால கேத்தலைத் தொடமாட்டன் எண்டு நேர்த்தி வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. எங்கட சனம் எதையும் கிளறும், நேர்த்தியைக் கிளறாது.”

கோயிலில் பொங்கிப் புக்கை கொடுக்கும் நாட்களில் மட்டும் பக்தி வருகிற எனக்கு எப்படி அந்த யோசனை வந்தது என்று தெரியாது. ஆனால் முதலாளி சிரிக்கவில்லை. “சரி” என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் துணியைக் கண்டதும் கடையே கொதித்தது. பாதிப் பேருக்குத் தேத்தண்ணியே இறங்கவில்லை. “என்ன நேர்த்தி?” என்று நானா கேட்டார்.

“சொன்னாப் பலிக்காது நானா.”

அவ்வளவுதான். கேள்வி நின்றது, ஆனால் ஊகம் தொடங்கிவிட்டது. சுவீப் டிக்கெட்டில் பரிசு விழுவதற்கு என்றார் ஒருவர். பிள்ளை வரத்துக்கு என்றார் இன்னொருவர், அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும் என்பதையும் மறந்து. பக்கத்துக் கடை மூடுவதற்குத்தான் என்று பக்கத்துக் கடைக்காரரே சொல்லித் திரிந்தார். வேடிக்கை போனபின் கூட்டம் கலையும் என்று நான் பயந்திருந்தேன். மாறாக, நேர்த்தி எப்போது முடியும் என்று பார்க்கவே சனம் வந்தது. “என்னமோ எனக்குத் தெரியா. அது நடக்கட்டும் எண்டு நானும் துஆக் கேக்கிறன்” என்றார் நானா. அதை அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

அந்த ஜெட்டியால் எனக்கும் நன்மை வந்தது. கையைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு காணாமல் விட்டவன் என்ற ரோசத்தில், லாஞ்சுக்கு நிற்கிறவர்களை வரிசையில் வைத்து இறகால் தடவத் தொடங்கினேன். வீட்டில் என்றால் படலையை மூடுகிறவர்கள், இங்கே எல்லோருக்கும் நடக்கிறது என்றதும் சேட்டுப் பொத்தானைக் கழற்றினார்கள். கூச்சக்காரர்கள் குதிக்கிற குதியில் ஜெட்டிப் பலகை ஆடும். ஒளித்து வைத்திருந்த இரண்டொரு வெளிறிய வட்டமும் அந்தச் சிரிப்புக்குள் வெளியே வந்தது. படத்தில் துறைமுகத்தைச் சுற்றி ஊசிகள் முளைத்தன. டொக்டர் திரும்பவும் தாடையைத் தடவினார். “இப்ப தேத்தண்ணியில சந்தேகமோ சேர்?” என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

வருஷங்கள் போயின. வெளிறிய வட்டம் மெல்ல நிறம் பிடித்தது. விரல்கள் மட்டும் இறகுக்குப் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை மூடிக் காத்திருப்பார். நான் இறகைப் பையில் வைத்துவிட்டு வேறு கதை தொடங்குவேன். பிறகு பிறகு, ஏமாற்றம் தாங்காமல், பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

கச்சான் காற்று வலுத்த ஒரு நாள், கடல் குழம்ப முதல் லாஞ்சு முன்னதாகவே புறப்படப் போகிறது என்று ஊதியது. கடையில் ஒரே அமளி. ஆளுக்காள் “எனக்கு, எனக்கு” என்று கையை நீட்டினார்கள். முதலாளி துணியைத் தோளில் போட்டதை மறந்து, பழைய பழக்கத்தில் இரண்டு விரலையும் கேத்தல் பிடியில் கொளுவினார்.

“ஐயோ, அம்மா!”

கேத்தல் விழுந்து உருண்டது. நானா உடுத்திருந்த சாரத்தைத் தூக்கிக்கொண்டு வாங்கின் மேல் ஏறிவிட்டார். முதலாளி விரல்களை உதறினார், ஊதினார், பிறகு அப்படியே நின்றார். பதறிக்கொண்டு ஓடிவந்த மனைவியிடம் விரல்களை நீட்டினார்.

“சுடுதப்பா” என்றார். “எரியுது. நல்லா எரியுது!”

அந்த அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கண் மறைத்தது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொள்ள அடுப்பில் புகைகூட இருக்கவில்லை.

வாங்கின் மேல் நின்ற நானாதான் முதலில் வாய் திறந்தார். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது.

“முதலாளி, இத்தனை வருஷம் காத்த நேர்த்தி முறிஞ்சு போச்சே!”

முதலாளி சிவந்த விரல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இல்லை நானா” என்றார். “பலிச்சிட்டுது.”