புளியில் ஊறிய வாஷர்கள்

என் புருஷனைத் திருடன் என்று எட்டு நாள் நினைத்திருந்தேன். எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்ற வீம்பு இன்னும் எனக்குப் போகவில்லை.

கோலார் தங்கவயலில் அப்போது எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டோம். ஷிப்டு முடிந்து மேலே வருகிறவனை வாசலில் நிறுத்தி, தலைப்பாகையை அவிழ்த்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். சுரங்கத்துப் பொருள் எது அகப்பட்டாலும் வேலை போய்விடும். வேலை போனால் கம்பெனி லைனில் கொடுத்திருக்கிற தட்டி வீடும் போகும். அப்புறம் பூதிகோட்டைப் பக்கம் போய் யார் நிலத்திலாவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான். அந்த வாசலில் சோதனை போடும் காவல்காரர்களில் ஒருவர் என் கூடப்பிறந்த அண்ணன். அதனால் நான் குழாயடிக்குப் போனால் பெண்கள் பேச்சை மாற்றுவார்கள். என் புருஷனும் என்னிடம் பேச்சை மாற்றுகிறவர்தான் என்று எனக்குத் தெரியாது.

அவருக்குச் சுரங்கத்தில் ஷாப்ட் என்கிற செங்குத்துக் குழியின் அடியில், தண்ணீர் இறைக்கும் பம்பு பார்க்கிற ராத்திரி வேலை. விடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் கல்லில் உட்காருவார். நான் முதுகு தேய்த்துத் தண்ணீர் ஊற்றுவேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாலு வார்த்தை பேசிக்கொள்வது அந்த நேரத்தில்தான்.

ஒரு நாள் அவருடைய தூக்குச்சட்டியைக் கழுவும்போது, மிச்சமிருந்த கேழ்வரகுக் களிக்குள் ஏதோ கையை இடித்தது. பிதுக்கினால், உள்ளங்கை அளவு சதுர இரும்புத் தகடு, நடுவில் ஓட்டை. போல்ட்டின் நட்டுக்கு அடியில் போடுகிற வாஷர். களிக்குள் இரும்பு தானாக நடந்து வந்து உட்காருமா? கழுவாமல் அப்படியே ணங்கென்று சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாரோ என்று பயம்.

மறுநாள் தண்ணீர் ஊற்றும்போது அரைஞாண் கயிற்றில் தாயத்துக்குப் பக்கத்தில் கன்னங்கரேலென்று ஒரு வட்ட வாஷர் தொங்கியது.

"இதின்னாங்க?" என்றேன்.

"இடுப்பு வலிக்குக் கட்டிக்கினேன். இரும்பு நல்லதாம்."

இதற்கு முன் அவருக்கு இடுப்பு வலித்ததே இல்லை. அடுத்த நாள் இன்னொன்று. எல்லாவற்றையும் துணியில் முடிந்து கூரைக் கீற்றுக்குள் செருகுவதை, தூங்குவது போல் படுத்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டே, "இப்பல்லாம் தங்கத்த வளையமா ஊத்தி மேல தாரு பூசிக்கினு வரானுங்க தங்கச்சி. பாத்தா இரும்பு மாரியே கீது" என்றார். சொல்லிவிட்டுக் கூரையை ஒரு பார்வை பார்த்தார். தெரிந்து பார்த்தாரா, சும்மா பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் போனதும் நானும் கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பகலில் என் புருஷன் குறட்டை விடும்போது முடிச்சை எடுத்தேன். ஐந்து இருந்தன. களியில் வந்த சதுரம், மூன்று வட்டம், ஒரு பக்கம் வெட்டி முனைகள் விலகி நிற்கிற வளையம் ஒன்று. எல்லாம் எண்ணெயும் துருவும் கறுப்பும். புளித்தண்ணீரில் மூழ்கப் போட்டு அவர் எழுவதற்குள் எடுத்து ஒளித்து, மறுபடி ஊறவைத்து, இரண்டு நாள் இதே வேலை. பிறகு செங்கல்தூள் போட்டு விரல் எரியத் தேய்த்தேன். மஞ்சளாய் ஒரு கீற்று தெரிந்தால் பாழ் கிணற்றில் எறிந்துவிடுவது என்று முடிவு. தெரியவில்லை. வெறும் இரும்பு. பளபளவென்று மின்னியது. அப்படியே முடிந்து பழைய இடத்தில் செருகினேன். இரும்பை எதற்குத் திருடுகிறார் என்ற சந்தேகம் மட்டும் மிச்சம்.

எட்டாம் நாள் வேலை முடிந்து வந்தவர், குளிக்காமல், அவிழ்த்தும் பார்க்காமல் முடிச்சை எடுத்துக்கொண்டு போனார். சூரியன் உச்சிக்கு வரும்போது திரும்பினார். அவர் முகம் செத்திருந்தது.

"இன்னா போட்டுத் தேச்ச?"

"புளி."

"தங்கமான்னு பாத்தியா?"

நான் விரல்களை முந்தானையில் மறைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அவர் விஷயத்தைச் சொன்னார். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டு இடறாமல் ஓடுவதற்கான வழிமரங்களை ஷாப்ட்டின் சுவரோடு போல்ட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். நட்டு மரத்தைக் கடித்து உள்ளே புதையாமலிருக்கச் சதுரத் தகடு. இரும்போடு இரும்பு உட்காருகிற இடத்தில் வட்டம். அதிர்ச்சியில் நட்டு தானாகக் கழலாமல் அடியிலிருந்து உந்திப் பிடிக்க அந்த வெட்டு வளையம். நட்டு கழன்று விழாமல் வாஷர் கீழே விழாது. நட்டு உருண்டு, அடியில் தேங்கிய தண்ணீருக்குள் போய்விடும். தட்டையான வாஷர் பம்புக்குப் பக்கத்துப் பலகையில் தங்கும். முதலில் கிடைத்த ஒன்றைக் காட்டியதற்கு, நட்டு முடுக்குகிற எவனோ ஒரு பிட்டரின் பையிலிருந்து விழுந்ததென்று போர்மன் துரை சிரித்துத் தூக்கி எறிந்தாராம். கீழேயே வைத்தால் அடுத்த ஷிப்டுக்காரன் எறிந்துவிடுகிறான். அதனால் வீட்டில் சேர்த்திருக்கிறார். போல்ட்டில் கிடந்த வாஷருக்கு ஒரு பக்கம் நட்டின் ஆறு மூலை பதிந்திருக்கும், மறுபக்கம் மரத்தின் ரேகை துருவோடு ஒட்டியிருக்கும். அதுதான் சாட்சி. அதைத்தான் நான் தேய்த்துவிட்டேன்.

"புதுசாக் கீது, ஸ்டோர்ல திருடிக்கினு வந்து கத கட்றியான்னு தொர கேட்டாரு. வேல போச்சு. சனிக்கெழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உங்க அண்ணங்கிட்டப் போயிடும்னு நெனச்சேன்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எந்த வாயால் கோபப்படுவது? அவர் இடுப்பைப் பார்த்தேன். அன்று குளிக்கவில்லை அல்லவா, காலையில் கிடைத்த ஆறாவது வாஷர், துரை விரட்டிய வேகத்தில் அவர் எடுத்துக் காட்ட மறந்தது, அரைஞாணில் அழுக்கோடு தொங்கியது. கையை நீட்டினேன்.

"தொடாத" என்றார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். "தொடல. வாங்க, நானும் வரேன். என் புருஷன் திருடன்னு நெனச்சு நாந்தான் தேச்சேன்னு சொல்றேன்."

சுரங்க வாசலில் அண்ணன் நின்றிருந்தார். துரையிடம் கணக்கெழுதும் ரைட்டர் ஒவ்வொரு வார்த்தையையும் இங்கிலீஷில் சொல்ல, அண்ணன் காதுபட, வேலையாட்கள் காதுபட அதைச் சொன்னேன். புண்ணான விரல்களையும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை; ஆறாவதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு கேஜை நிறுத்தச் சொன்னார். இரண்டு பிட்டர்கள் இறங்கினார்கள். இரண்டாம் லெவலுக்குக் கீழே வழிமரம் ஒன்று, ஒரே ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்ததாம்; அதுவும் கழன்றிருந்தால் கேஜ் ஆட்களோடு போயிருக்குமாம்.

வேலை திரும்பக் கிடைத்தது. வீடும் தங்கியது. அதற்குப் பிறகு சுரங்கத்தில் நடந்ததை எல்லாம் அவர் என்னிடம் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. நானும் எல்லாவற்றையும் நம்பினேன்.

ஆனால் மறுநாள் காலை நான் செம்போடு போனபோது, அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நானே ஊத்திக்கிறேன்" என்றார். கடைசிவரை அவரே ஊற்றிக்கொண்டார்; முதுகை என் கையில் கொடுக்கவே இல்லை. முதுகின் நடுவில், கை எட்டாத இடத்தில், உள்ளங்கை அளவு அழுக்கு அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.