மாப்பிள்ளையின் ரத்தம் கேட்ட சார்ஜன்

இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லையில் ஒரு சலூனில் முடி வெட்டுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குமேல் வாத்தியார்கள் தாங்கவில்லை. தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் ஸ்டைல் கட்டிங் எல்லாம் போனில் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். போனில் வராத ஒன்றை எழுதுகிறேன்.

சலூனில்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், என் கூட்டாளி செல்வத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளைச் சவரத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டிருந்தான். முந்தின நாள் ஒரு போலீஸ் சார்ஜன் கடைக்கு வந்தார். சிங்களக்காரர், ஆனால் தமிழில் நம்மையே மடக்குவார். எந்த ஸ்டேசன் என்று கேட்காதீர்கள், மனிதருக்குப் பென்சன் வர வேண்டும்.

டவுனில் ஒரு போன் கடையை உடைத்துத் திருடியிருந்தார்கள். உடைந்த கண்ணாடியில் ரத்தம் இருந்ததாம். செல்வம் அந்தக் கடையில் வேலை பார்த்து, முதலாளியோடு சண்டை போட்டு விலகியவன். சந்தேகத்துக்கு அது போதுமாக இருந்தது.

"நாளைக்கு சேவ் எடுக்கக்குள்ள சின்னதா கீறல் விழும்தானே. தொடைக்கிற பஞ்ச எனக்குக் குடு. டி.என்.ஏ. பாக்கணும்."

"என் கையில கீறல் விழாது சேர்."

"விழ வை."

"அவன்கிட்டயே கேளுங்களேன்."

"கேட்டா ஓடிருவான். ஸ்டேசனுக்குக் கூப்பிட்டா பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சு கல்யாணம் நின்னுரும். இப்பிடி எடுத்தா அவனுக்கே தெரியாது. திருடலன்னா அவனுக்கும் நல்லதுதானே?"

நியாயமாகத்தான் பேசினார். அதனால்தான் நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டில்

மறுநாள் காலை சார்ஜன் சாதாரண உடுப்பில், லயத்துக்குக் கீழே வளைவில், ஆட்டோவுக்குள் காத்திருந்தார். செல்வம் நாற்காலியில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கன்னம் எடுத்து முடித்துக் கழுத்துக்கு வந்தேன். பிளேட் தொண்டையில் நிற்கிறது, அவனோ பாட்டு முணுமுணுக்கிறான். என் கை நின்றுவிட்டது.

"என்னடா, தொழில் மறந்துட்டியா?"

"ஆடாத, ஆடினா கல்யாணம் இல்ல, கருமாதிதான். கீழ ஒரு சார்ஜன் ஒன் ரத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காரு."

எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டு நின்றது.

"நான் எடுக்கலடா."

"நான் கேக்கவே இல்லயே."

"குடுத்தா அத எவ்வளவு காலம் வச்சிருப்பாங்க? எங்கண்ணன் தம்பியெல்லாம் அதுல தெரிவாங்களா?"

"ஒரே ரத்தம்தானே. ஓரளவுக்குத் தெரியுமாம்."

"அவங்க கிட்டயும் கேக்கலயே" என்று எழுந்தான். பாதித் தாடி, பாதி நுரை. அப்படியே வளைவுக்கு நடந்தான். நான் துவாயோடு பின்னால் ஓடினேன். மாப்பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்த பெண்ணின் அப்பாவும் எங்கள் பின்னால் வந்துவிட்டார். கல்யாணம் இத்தோடு சரி என்று நினைத்தேன்.

"என்ன மாப்பிள, என்ன பிரச்சின?"

செல்வம் மறைக்கவில்லை. கடை, கண்ணாடி, பஞ்சு எல்லாவற்றையும் அவனே மாமனாரிடம் சொன்னான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆட்டோவுக்குள் குனிந்தார்.

"இவரு ஓடிருவாருன்னீங்களாமே. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்க சேர் ஓடுறது?"

ஆட்டோ டிரைவர்தான் முதலில் சிரித்தான். சார்ஜனுக்கும் அடக்க முடியவில்லை.

"திங்கக்கெழம வக்கீலோட வாறேன் சேர்" என்றான் செல்வம். "கோர்ட்டு உத்தரவு எடுத்து வைங்க. எதுக்கு எடுக்கிறீங்க, முடிஞ்சதும் அத என்ன செய்வீங்கன்னு எழுத்துல குடுங்க. எச்சி எடுக்க நானே வாயத் தொறந்து காட்டுறேன்."

"சரி" என்றார் சார்ஜன். மாமனார் அவரைச் சாப்பிடாமல் விடவில்லை. சார்ஜன் பாயசம் இரண்டாம் தடவையும் வாங்கினார். செல்வம் மிச்சத் தாடியையும் எடுத்துக்கொண்டு தாலி கட்டினான்.

பிறகு

சொன்னபடி போனான், கொடுத்தான். ரத்தம் அவனுடையது இல்லை. நான் களவாகப் பஞ்சைக் கொடுத்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு எவனும் என் முன்னால் கண்ணை மூடி உட்கார மாட்டான். தம்பிகளா, கழுத்தைக் காட்டி உட்காருகிறவனிடம் கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். முடியைத் தவிர.

போன மாதம் சார்ஜன் சேவ் எடுக்க வந்தார். வெளியே சொல்லாதீர்கள், என் கையாலும் அவர் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. பஞ்சை வைத்துத் துடைத்தேன். அவர் என் கையிலிருந்து அதைப் பறித்து, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன சேர், குப்பையில போட மாட்டேனா?"

"என்னோட ரத்தம்டா இது" என்றார்.