டிக்கிக்குள் தாய்மாமன்

ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த வீட்டு ஓனரோடு எனக்குப் பேச்சு நின்றுபோனதற்கு என் கார்தான் காரணம். பழைய வண்டி. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துப்போயிருந்தன. ஒவ்வொரு வேகத்தடை ஹம்ப்பிலும், இரும்புக் கட்டிலை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு இறங்குவது மாதிரி ஒரு சத்தம் வரும். நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. விடிந்தும் விடியாமலும் கிளம்ப வேண்டியவள். ஒருநாள் ஓனர் கேட்டருகே நின்று, "அந்த டப்பாவ வித்துடும்மா, தெருவே எழுந்துக்குது" என்றார். "உங்க தண்ணி மோட்டாருக்கு இது எவ்வளவோ பரவால்ல அங்கிள்" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாமே ஓனர் ஆன்ட்டி வழியாகத்தான். அவர் என் எதிரிலேயே நின்றுகொண்டு ஆன்ட்டியிடம் சொல்வார். ஆன்ட்டி என் பக்கம் திரும்பி அதையே மறுபடி சொல்வார். நான் ஆன்ட்டிக்குப் பதில் சொல்வேன். அரசாங்க வேலையில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் ஓனர். ஃபைல் எந்த வழியாக வரவேண்டுமோ அந்த வழியாக வந்தால்தான் அவருக்குத் திருப்தி.

மெக்கானிக்கும் வண்டியை விற்றுவிடச் சொன்னான். எனக்கு வீம்பு வந்துவிட்டது. புது ஷாக் அப்சார்பர்களை ஆன்லைனில் வரவழைத்தேன். பல வீடியோக்கள் பார்த்தேன். எல்லா வீடியோவிலும் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே நட்டைக் கழற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் ஷிப்டுக்குப் போனதும், கேட்டுக்குள் இருக்கும் சந்தில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, வலதுபக்கப் பின்சக்கரத்தைக் கழற்றினேன்.

கீழ் போல்ட்டு அசையவில்லை. துருவின் வேதிவாய்பாட்டை வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். அது துருவுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. எண்ணெய் அடித்தேன், தட்டினேன், ஸ்பேனரின் மேல் ஏறியே நின்றேன்.

அந்த நேரத்தில்தான் ஓனரும் ஆன்ட்டியும் படியிறங்கி வந்தார்கள். அவர் பட்டு வேட்டி, ஜரிகைத் துண்டு. ஆன்ட்டி கையில் சீர்த்தட்டு. ஓனருடைய தங்கை மகளுக்கு ஹெப்பகோடியில் நிச்சயதார்த்தம். தாய்மாமன் போகாமல் தட்டு மாற்ற முடியாது. அவர்கள் கார் சந்தின் உள்ளே நின்றது. அதற்கு முன்னால் என் வண்டி, மூன்று சக்கரத்தோடு.

ஓனர் கழற்றிப் போட்ட சக்கரத்தைப் பார்த்தார். பிறகு ஆன்ட்டியிடம், "எப்போ நகரும்னு கேளு" என்றார்.

"எப்போம்மா நகரும்?" என்றார் ஆன்ட்டி.

"அரை மணி நேரம்னு சொல்லுங்க ஆன்ட்டி."

"அரை மணி நேரமாம்."

"எனக்கும் காது இருக்கு" என்றார் ஓனர், ஆன்ட்டியிடம். போனில் டாக்ஸி தேடினார். முகூர்த்த நாள். ஒருத்தன் வருகிறேன் என்றான். ஒருத்தன் ரத்து செய்தான். ஒருத்தன் வரைபடத்தில் எங்கள் தெருவையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் காணாமல் போனான். "தரித்ர" என்று கன்னடத்தில் முனகிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் ஸ்பேனரோடு மல்லுக்கட்டுவதை எட்டிப் பார்த்தார்.

"அவங்க லூஸ் பண்ணல, டைட் பண்றாங்கன்னு சொல்லு."

ஆன்ட்டி வாயைத் திறப்பதற்குள் நான் ஸ்பேனரை நிறுத்திவிட்டேன். உண்மைதான். தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு பார்த்ததில் எனக்கு வலமும் இடமும் மாறிப்போயிருந்தது. காலையிலிருந்து அந்த போல்ட்டை நானே முறுக்கி முறுக்கி இறுக்கியிருக்கிறேன். மறுபக்கம் திருப்பினேன். கொஞ்சம் அழுதுவிட்டு, வந்துவிட்டது.

அடுத்தது மேல்நட்டு. அது டிக்கிக்குள் ஓர் ஓரத்தில் இருந்தது. நட்டைத் திருப்பினால் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து சுற்றியது. ஒருவர் சக்கரம் இருந்த இடத்தில் உட்கார்ந்து கீழே இறுகப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் டிக்கிக்குள் ஏறித் திருப்ப வேண்டும். ஆன்ட்டி கையில் சீர்த்தட்டு. மிச்சம் யார் என்று எல்லோருக்குமே தெரிந்தது.

பட்டு வேட்டியோடு தாய்மாமன் டிக்கிக்குள் ஏறினார். வண்டி ஆடவில்லை என்று பார்த்துக்கொண்டு நான் ஓரத்தில் உட்கார்ந்து கீழே பிடித்தேன். எங்களுக்கு நடுவில் ஒரு தகடுதான். ஆனாலும் ஆன்ட்டி டிக்கிப் பக்கம் ஒரு தடவை, சக்கரத்துப் பக்கம் ஒரு தடவை என்று நடந்துகொண்டே இருந்தார்.

"கெட்டியா புடிக்கச் சொல்றாரு."

"புடிச்சிட்டுதான் இருக்கேன்னு சொல்லுங்க."

"புடிச்சிட்டுதான் இருக்காளாம்."

அப்போது போன் அடித்தது. ஹெப்பகோடியிலிருந்து அவர் தங்கை. ஆன்ட்டி தட்டைப் படியில் வைத்துவிட்டு, "வந்துட்டே இருக்கோம்மா, மடிவாளா தாண்டிட்டோம்" என்றார். உள்ளிருந்து டங், டங் என்று ஸ்பேனர் சத்தம். "அதுவா? ரோட்டுல என்னமோ வேலை நடக்குது. அண்ணனா? வண்டியிலதான் இருக்காரு." இதில் மட்டும் பொய் இல்லை.

தங்கை விடுவதாக இல்லை. பேசிக்கொண்டே ஆன்ட்டி கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டார். தகட்டுக்கு அந்தப் பக்கம் ஓனர் கனைத்தார். தகட்டில் இரண்டு தட்டு தட்டினார். நானும் திருப்பி இரண்டு தட்டு தட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. கடைசியில் குரல் வந்தது: "ஏம்மா... கொஞ்சம் மேல தூக்கு."

"தூக்கறேன் அங்கிள்."

"அந்தப் பக்கம் இல்ல. ஸ்வல்ப லெஃப்ட்டு. ஹாங், அப்படியே இரு."

நட்டு கழன்றது. பழைய ஷாக் அப்சார்பர் என் மடியில் வந்து விழுந்தது. புதியதை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அதை அழுத்திக் கட்டியிருந்த பட்டையை, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள், வெட்டிவிட்டார். அவர் மடியிலேயே அது, தூங்கி எழுந்த பூனை மாதிரி, நிதானமாக நீளத் தொடங்கியது. நீண்டுகொண்டே போய் டிக்கிக் கூரையில் முட்டி நின்றது. "இது ஒடஞ்ச மாலு! ரிட்டர்ன் பண்ணு!" என்று கத்தினார்.

"எல்லாமே அப்படித்தான் நீளும் அங்கிள். அமுக்கிதான் மாட்டணும்."

"நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்போ நீ பொறக்கவே இல்ல!"

"அந்தக் காலத்து ஷாக் அப்சார்பர் நீளாது அங்கிள், இது நீளும்."

கத்திக் கத்திச் சண்டை போட்டுக்கொண்டே இறங்கி வந்து, அதை நட்டுக்குத்தலாகத் தரையில் நிறுத்தி, மேலே ஒரு மணையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். அது கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது; தாய்மாமனும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினார். நான் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். போன் பேசி முடித்துத் திரும்பிய ஆன்ட்டி அந்தக் கோலத்தைப் பார்த்து, "வேட்டி" என்று மட்டும் சொன்னார். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு.

மாட்டி முடித்து, சக்கரத்தைப் போட்டு, என் வண்டியைத் தெருவுக்கு எடுத்தேன். அவர் வேட்டியைப் புரட்டிக் கட்டி, கறை தெரியாமல் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினார். அவர்கள் போய்ச் சேரும் வரைக்கும் நிச்சயதார்த்தம் காத்திருந்ததாம். சாயந்திரம் ஆன்ட்டி லட்டும் மிக்சரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, துண்டின் ஜரிகையிலும் கிரீஸ் என்று சொல்லிச் சிரித்தார்.

ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று அந்த வாரம் முழுக்க வண்டி நொண்டியது. அடுத்த ஞாயிறு நான் ஜாக்கியை எடுக்கும்போதே, ஓனர் பழைய லுங்கியில், சொந்த ஸ்பேனரோடு கீழே நின்றார். இடதுபக்கத்தை மாட்டி முடிக்கும்வரை ஒவ்வொரு வாஷருக்கும் சண்டை போட்டோம்.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அவர் முன்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆன்ட்டி பின்னால். தெருமுனை ஹம்ப்பில் வண்டி ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. அவர் முகத்தில் சந்தேகம். "திருப்பு, இன்னொரு தடவை போலாம்." போனோம். "கொஞ்சம் ஸ்பீடா." போனோம். பெட்டிக்கடைக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். ஓனர் கண்ணாடியை இறக்கி அவருக்குக் கையசைத்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார் ஆன்ட்டி பின்னாலிருந்து. "அடுப்புல குக்கர் வெச்சிட்டு வந்திருக்கேன்."