குளத்து ஹீட்டரும் சின்ன மாப்பிள்ளையும்

மூட்டு பிடித்துக்கொண்டவர்களையும் விழுந்து இடுப்பு ஒடித்துக்கொண்டவர்களையும் வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி நடக்கவைக்கும் சிகிச்சை நிலையம் அது. கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடம், நடுவில் மார்பளவு ஆழத்துக்கு ஒரு நீச்சல் குளம். அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்தான் நம் ஆள். குளத்துக்காரர் என்று சொன்னால்தான் அங்கே யாருக்கும் தெரியும்.

நல்ல மனுஷர். காலையில் வந்ததும் மோட்டார் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆண்டவனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டுதான் உள்ளே போவார். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு கேஸ் ஹீட்டர் நின்றது. அதுவும் அவரோடு சேர்ந்தே வயதானது. சில நாள் ஒரே தடவையில் பற்றிக்கொள்ளும். சில நாள் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை மாதிரி அடம்பிடிக்கும். அவர் விலாவில் இரண்டு தட்டுத் தட்டி, "எந்திரி ராசா, ஆளுங்க வந்துருவாங்க" என்பார். பற்றிக்கொள்ளும். வேறு யார் தட்டினாலும் பற்றாது என்று அவருக்கு ஒரு பெருமை.

குடி கிடையாது, புகை கிடையாது, ஒருத்தரை ஏசினார் என்ற பேச்சும் கிடையாது. ஆனால் சகலை பேச்சை எடுத்தால் போதும், மனுஷருக்கு வயிறு எரியும்.

சகலை என்றால் அவர் மனைவியின் தங்கை புருஷன். வயதில் சின்னவர். பெரிய கம்பெனியில் ஹீட்டர் மாட்டுகிற வேலை. தேய்த்த சீருடை, நெஞ்சில் கம்பெனி முத்திரை. அதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். மாமியார் விடுகிறாளா? மாமியார் வீட்டுக் கூரையில் ஒழுகின இடமெல்லாம் ஏறி அடைத்தது பெரிய மாப்பிள்ளை. அதை யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சின்ன மாப்பிள்ளை ஒருநாள் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றினார். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அந்த மாமியாரும் இந்தக் குளத்துக்குத்தான் வருவாள், முழங்கால் வலிக்கு. நிலையத்து டாக்டரம்மாவிடம் கெஞ்சி இடம் வாங்கிக் கொடுத்ததே பெரிய மாப்பிள்ளைதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடக்கும்போதும் பக்கத்தில் நடக்கிறவளிடம், "என் சின்ன மாப்பிள்ளை இருக்காரே, கைராசிக்காரர்" என்பாள். வலைக்கழியால் தூசி அள்ளிக்கொண்டு நிற்கிறவர் காதில் அது விழாமல் இருக்குமா?

இப்படி இருக்கையில் ஹீட்டர் படுத்துவிட்டது. தட்டினால் பற்றும், பற்றினதும் உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து உஸ்ஸென்று அணைந்துவிடும். குளம் ஆறிப்போயிற்று. காலை வைத்த பெரியவர்கள் ஐயோ என்று இழுத்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டாள். "பழுது பாத்து ஓட்டலாமா, புதுசே போட்டுடலாமா? எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க சொல்றதுதான். கம்பெனில ஒரு ஆளை வந்து பாக்கச் சொல்லிருக்கேன், அவர் பாத்ததும் முடிவு பண்ணுங்க."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. நீங்க சொல்றதுதான் என்று அவரிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? அந்தக் குளிர்ச்சி மத்தியானம் வரைக்கும்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனி ஆள் வந்தார். பார்த்தால், சகலை!

"அண்ணே! நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் நானே கேட்டு வந்தேன்."

"வாங்க தம்பி" என்றார் இவர். சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை.

சகலை தகட்டைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, செம்புக் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். காகிதம் மாதிரி மெலிந்து, இரண்டு இடத்தில் ஊசிக்கண் அளவு ஓட்டை. பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது.

"உள்ளேருந்து அரிச்சிருக்கு அண்ணே. ஒட்டுப்போட்டா நிக்காது. மாத்தறதுதான் நல்லது."

"விக்க வந்தவர் வேற என்ன சொல்வீங்க?"

சகலை முகம் சுருங்கியது. ஆனாலும் கோபப்படவில்லை. "குளோரின் மாத்திரையை எங்க போடுறீங்க அண்ணே?"

"ஓரத்துல குப்பை பிடிக்கிற கூடை இருக்குல்ல, அதுலதான். மோட்டார் தண்ணியை ஹீட்டருக்கு இழுக்கும்போது தானா கரையும். என் யோசனைதான் அது. ஏன், அதுக்கும் உங்க கம்பெனில தனியா ஒண்ணு விக்கிறாங்களா?"

சகலை கழற்றின தகட்டைத் திரும்ப மாட்டினார். பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று நம் ஆள் ஆண்டவனிடம் கேட்டதைச் சொன்னால் சிரிப்பீர்கள். 'அவனுக்கு எல்லாம் குடுத்தே. இந்த ஒரு ஹீட்டரை எனக்கு விட்டுக்குடு' என்று கேட்டார். ஜெபத்தில் கேட்கிற வரமா அது? பொறாமை பிடித்த மனசு எங்கே போனாலும் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டுதானே போகும்?

மறுநாள் டாக்டரம்மாவிடம், "பழுது பாத்தாப் போதும்மா" என்றார். தெரிந்த பற்றவைப்புக்காரரைக் கூட்டிவந்து ஓட்டைகளை அடைத்தார். விலாவில் இரண்டு தட்டு. பற்றிக்கொண்டது! சாயங்காலத்துக்குள் குளம் வெதுவெதுவென்று ஆகிவிட்டது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் தங்கச்சி புருஷன் ஆகாதுன்னு சொன்னது எரியுது. தெரியுமா?"

"எரியுறது ஹீட்டரா, நீங்களா?" என்றாள் அவள்.

அதோடு விட்டிருக்கலாம். நாளைக்கு மாமியார் வருகிற நாள். தண்ணீர் கண்ணாடியாகப் பளபளக்க வேண்டும், அவளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஆசை. போடுகிற மாத்திரைக்கு மேல் இன்னும் இரண்டு கை அள்ளிக் கூடையில் போட்டார். தண்ணீரைச் சற்று நேரம் சுற்றவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். கரைகிற மருந்தெல்லாம் நகராத தண்ணீரில் அப்படியே ஹீட்டர் குழாய்க்குள் ஊறிக்கிடந்தது.

காலையில் தண்ணீர் பளபளத்தது உண்மைதான். மாமியார் இறங்கி, கழுத்து வரைக்கும் அமிழ்ந்து, "அப்பாடா" என்றாள். பெரிய மாப்பிள்ளைக்கு அது வேதவாக்காகக் கேட்டது. ஒட்டு நிற்கிறதா என்று பார்க்க டாக்டரம்மா கூப்பிட்டனுப்பியதால் சகலையும் அந்நேரம் வந்து நின்றார். வா, நல்லாப் பார்த்துக்கோ என்று இவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மாமியார் படியேறி வந்தாள், துண்டால் தலையைத் துவட்டினாள். அவளுடைய நரைமுடி பஞ்சு மாதிரி வெள்ளை, அதில் அவளுக்கு அவ்வளவு கர்வம். துண்டை எடுத்ததும் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் கெக்கெக்கேவென்று சிரித்தார்.

"ஏம்மா, கிளிக்கு மூக்கு மட்டும்தான் பாக்கி!"

தலை முழுக்க இளம்பச்சை. கண்ணாடியில் பார்த்தவள் போட்ட கூச்சலில் டாக்டரம்மா ஓடிவந்தாள்.

"என் தலைக்கு என்னடா வந்துச்சு? சின்ன மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க!"

சகலை குனிந்து தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு பார்த்தார். கூடையைப் பார்த்தார். அதில் கரையாத மாத்திரைகள் குவியலாகக் கிடந்தன. பிறகு நிமிர்ந்து குளத்துக்காரரைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. இவருக்கும் அப்போதுதான் சுரீரென்று உறைத்தது. மாத்திரையை எங்கே போடுகிறீர்கள் என்று அன்றைக்குக் கேட்டது வியாபாரம் இல்லை. குழாயை அரித்தது கூடை வழியாகப் போன மருந்து. கரைந்த செம்புதான் மாமியார் தலையில் ஏறியிருக்கிறது.

"பழைய ஹீட்டர் அத்தை" என்றார் சகலை. "வயசாயிட்டா செம்பு கரையும். அண்ணன் மேல தப்பு எதுவும் இல்ல. ரெண்டு மூணு தலைக்குளியல்ல போயிடும்."

டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. இதையே ஓட்டலாமா, மாத்திடலாமா? இவங்க கம்பெனி பிடிக்கலேன்னா வேற இடத்துல கூடக் கேக்கலாம்."

வேற இடம். ஒரே வார்த்தை, சகலை பெட்டியோடு நடையைக் கட்டிவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் வேறு ஆள் வந்து புது ஹீட்டரை மாட்டினாலும் மாத்திரை அதே கூடையில்தான் விழும், அதையும் அரித்துத் தின்னும். அதைவிடப் பெரிய வேதனை ஒன்று அவருக்கு இருந்தது. இந்தப் பையன் தன்னைக் காப்பாற்றிவிட்டான். ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறானே! இனிமேல் ஆயுசுக்கும் அவன் முன்னால் தலை குனிய வேண்டுமா? மனசு சுத்தமாகி அவர் உண்மையைச் சொன்னார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நல்ல பெயரையும் அவனுக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அதுதான் நிஜம்.

"மாத்திடலாம்மா" என்றார். "வேற இடம் வேண்டாம். இவரே போடட்டும். வயசெல்லாம் காரணம் இல்ல. நான் மாத்திரையைக் கூடையில போட்டேன், அதான் அரிச்சது. இவருக்கு அன்னைக்கே தெரியும். நான்தான் கேக்கல."

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். டாக்டரம்மா, "சரி, சொன்னீங்களே, அதுவே பெருசு" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமியார் பச்சைத் தலையோடு முன்னால் வந்துவிட்டாள்.

"பாத்தீங்களா எல்லாரும்? இவ்வளவு தெரிஞ்சும் வாயைத் திறந்தாரா பாருங்க! குடும்ப மானத்தைக் காப்பாத்தினவர். தங்கம், சொக்கத் தங்கம், என் சின்ன மாப்பிள்ளை!"

கிழவர் நாற்காலியில் கைதட்டினார். குளத்துக்காரர் மேலே கண்ணாடிக் கூரையைப் பார்த்தார். ஆண்டவன் அங்கே எங்கேயாவது சிரித்துக்கொண்டிருக்கிறானா என்று தேடின மாதிரி இருந்தது.

மோட்டார் அறைக்குள் சகலை பழைய ஹீட்டரின் குழாய் இணைப்பைக் கழற்ற மண்டியிட்டார். பின்னாலேயே வந்த இவரிடம், "ஏண்ணே சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேன்ல?" என்றார்.

"நீ சமாளிச்சதுதான்டா எனக்குத் தாங்கல."

வாங்க தம்பி போங்க தம்பி என்று இத்தனை காலம் எட்டி நிறுத்திப் பேசினவர், முதல் தடவையாக டா போட்டார். சகலை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஸ்பேனரைப் போட்டு முக்கினார். துருப்பிடித்த மரை அசையவில்லை.

"தள்ளு" என்றார் குளத்துக்காரர். "அது எதிர்மரை. கழட்டணும்னா வலப்பக்கம் திருப்பணும். உனக்கு எங்க தெரியப்போகுது?"