இளங்கோவன் சொன்ன ஆங்

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நின்று "பொதட்டூர்பேட்டை, பொதட்டூர்பேட்டை" என்று ஊர் அதிரக் கத்திய கண்டக்டர் இளங்கோவனுக்குப் பக்கவாதம் வந்தபின் மிஞ்சியது ஒரே சொல்: ஆங். பசித்தாலும் ஆங், வேண்டாமென்றாலும் ஆங். அதற்குப் பொருள் சொல்ல உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள், அவன் அக்கா வரலட்சுமி. வயது அறுபத்தெட்டு. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. தம்பி பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட, எட்டு வருடமாக அவனைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது.

பொருள் சொல்வதில் வரலட்சுமி அப்படியொன்றும் யோக்கியம் இல்லை. வெறுங்கையோடு வந்து வளவளவென்று பேசும் சொந்தக்காரர்களிடம், "தூக்கம் வருதாம், கெளம்பச் சொல்றான்" என்று கூசாமல் சொல்வாள். இளங்கோவன் பாதி வாயால் சிரிப்பான்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, அவனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் தரையில் விழுந்தார்கள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் மத்தியானம் எட்டிப் பார்க்கும்வரை அப்படியே கிடந்தார்கள். அதற்குள் அவன் வேட்டி நனைந்திருந்தது. இடுப்பு வலியைவிட அவளை அதுதான் கொன்றது.

சாயங்காலம் இளங்கோவனின் மகள் கனிமொழி அரக்கோணத்திலிருந்து வந்தாள்.

"இனிமே உன்னால முடியாது அத்தை. எங்க வூட்டாண்ட ஒரு ஹோம் இருக்குது. தெனமும் நான் போய்ப் பாத்துப்பேன்."

"இவன் சொல்றது அங்க யாருக்குப் புரியும்? நான் பாத்துகினுதானே இருக்கேன்."

"பாத்துகினு இருந்த லட்சணம்தான் தெரிஞ்சிபோச்சே" என்றவள் அப்பனிடம் குனிந்தாள். "நைனா, ஹோமுக்குப் போலாமா?"

"ஆங்."

கனிமொழி விழித்தாள். "இன்னா அத்தை சொல்றாரு?"

வரலட்சுமிக்குச் சந்தேகமே இல்லை. போகிறேன் என்கிறான். சொல்லிவிட்டு அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு செய்தவளுக்காக, இவனாவது மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கலாம். மாற்றிச் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தம்பி இங்கேயே இருப்பான். நாளைக்கும் அவனைத் தூக்குவாள், நாளைக்கும் கீழே போடுவாள்.

"போறேன்றான்" என்றாள். "கூட்டிகினு போ. வேணாம்னா மூக்கால இழுப்பான், மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிக்குவான். பசின்னா ரெண்டு தபா சொல்வான். எழுதிக்கோ, மறந்துடுவே."