கழனி மோட்டாரும் காப்பி மெஷினும்

எங்கள் வீட்டில் காப்பி குடிக்கத் தெரிந்தவர் தான் ஒருவர் மட்டுமே என்பது என் மாமனாரின் அபிப்பிராயம். மற்றவர்கள் எல்லாம் ஏதோ சுடுதண்ணி குடிக்கிற ஜனங்கள். எழுபதுகளின் ஆரம்பத்தில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். பொன்னேரிக்குப் பக்கத்தில், பின்கதவைத் திறந்தால் கழனியில் கால் வைக்கிற மாதிரி வீடு. ஜன்னல் கட்டையில் திருகி வைத்த கை மெஷினில் மாமனாரே காப்பிக் கொட்டையைப் போட்டுச் சுற்றுவார். அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நெல் விலை பேச வந்த வியாபாரிகூட வெளியே நிற்க வேண்டியதுதான்.

காப்பி அவர் இலாகா என்றால் மசாலா என் இலாகா. மல்லி, மிளகாய், மிளகு, சீரகம் எல்லாம் அன்றன்றைக்கு வறுத்து அன்றன்றைக்கு அரைக்க வேண்டும். பழவேற்காட்டிலிருந்து கூடையில் மீன் வந்ததும் மாமியார் குழம்பைக் கூட்டிவிடுவார். ஆனால் மசாலா தயாராக இருக்க வேண்டும். நேற்று அரைத்த தூளைப் போட்டால் மாமனார் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவாராம். சாப்பிடுவார், ஆனால் பேச மாட்டார். அவர் பேசாமல் சாப்பிட்டால் அந்த வீட்டில் அது பெரிய பேஜாரு.

இதற்கு நடுவில் எனக்கு வேலை கிடைத்தது. கும்மிடிப்பூண்டியில் ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த சமயம். நான் கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருந்தேன். ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேண்டும் என்றார்கள், போனேன், எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. எனக்கென்று ஒரு மேஜை, அதில் பூட்டு வைத்த ஒரு டிராயர். புகுந்த வீட்டில் என் பெயரில் ஒரு டப்பாகூட இல்லாத காலம் அது.

மாமனார் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வேலைக்குப் போ, வேணாங்கல. மசாலா அரைச்சு வெச்சிட்டுப் போ."

ரயிலுக்கு மசாலாவைப் பற்றி என்ன கவலை? நான் அம்மியில் அவசர அவசரமாக அரைத்து, கையைக் கழுவி, சேலையை மாற்றி, வரப்பு வழியாக ஓடி ஸ்டேஷனுக்குப் போனால் ரயிலின் முதுகுதான் தெரியும். அடுத்த ரயிலைப் பிடித்துப் போனால் ஆபீசர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லியே விட்டார். இனி ஒரு தடவை லேட்டாக வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். என் விரல்களில் மசாலாவின் மஞ்சள் அப்படியே இருந்தது. நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அழுதுகொண்டே இதை என் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் மெட்ராஸில் தேடி ஒரு சின்ன கரண்ட் மெஷின் வாங்கிக்கொண்டு வந்தார். டம்ளரைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே பிளேடு, மேலே மூடி. மூடியை அழுத்தினால் சுற்றும், கையை எடுத்தால் நிற்கும். காப்பிக் கொட்டை அரைக்கத்தான் செய்திருந்தார்கள், ஆனால் மல்லியும் மிளகாயும் போட்டால் வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

மாமியார் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்மாத்தூண்டு இருக்குது. இது ஊட்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் மசாலா அரைக்கப் போவுதா? ஒரு வாய்க்கு அரைச்சுட்டுக் குந்திக்கும்."

அது குந்தவில்லை. 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது. பூனை எகிறிக் குதித்து ஓடியது, மாமியார் இரண்டடி பின்னால் போனார், மசாலா மாவாகக் கிடந்தது. எனக்கு அந்த மெஷினைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

காப்பியை முதலில் அரைக்க வேண்டும், மசாலாவை அப்புறம். கடைசியில் ஒரு பிடி பச்சரிசி போட்டு ஒரு சுற்று விட்டுத் துடைத்தால் வாசனை போய்விடும். இதெல்லாம் பிறகு கற்றுக்கொண்டது. முதல் நாள் நான் உற்சாகத்தில் மிளகாய் அரைத்த கையோடு மாமனாரின் காப்பிக் கொட்டையையும் போட்டுவிட்டேன். மாமனார் ஒரு வாய் குடித்தார், அடுக்கடுக்காகத் தும்மினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாமே இது, காப்பியா ரசமா?"

நான் பதில் சொல்வதற்குள் என் புருஷன் முந்திக்கொண்டு, "சளிக்கு நல்லது நைனா" என்றார். தன் வாழ்க்கையில் எனக்காக அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான், அதற்காக அவருடைய மற்றதையெல்லாம் நான் இன்றைக்கும் மன்னிக்கிறேன். மாமனார் டம்ளரைக் காலி பண்ணிவிட்டு, மூக்கு நல்லா விட்டிருச்சு என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். மறுநாளிலிருந்து கை மெஷினைத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, என்ன இருந்தாலும் அம்மியில் அரைத்த ருசியே தனி என்று மாமியாரிடம் பாராட்டியும் வைத்தார். மாமியார் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

நான் ரயிலுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தேன். ஆபீசர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அதற்குள் மார்கழி நடவோடு நவரைப் பருவம் வந்து தொலைத்தது.

கிணற்றங்கரையில் கொட்டகை போட்டு மாமனார் அஞ்சு எச்பி மோட்டார் வைத்திருந்தார். அதற்கும் வீட்டுக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் லைன். நடவு முடிந்தால் விடிவதற்கு முன்பே மோட்டாரைப் போட்டுவிட்டு, மண்வெட்டியோடு மடை திருப்பப் போய்விடுவார். அது ஓடத் தொடங்கியதும் வீட்டில் பல்பு அணையப் போகிற பீடி மாதிரி சிவந்து நிற்கும். என் காப்பி மெஷின் மூடியை அழுத்தினால் 'ம்ம்ம்' என்று முனகும். மல்லி அப்படியே கிடக்கும். ரயில் இரண்டு நாள் என்னை விட்டுவிட்டுப் போனது. அதில் ஒருநாள் ஆபீசர் வெளியூர் போயிருந்தார், இன்னொரு நாள் எனக்காக வாட்ச்மேன் ஏதோ சொல்லிச் சமாளித்தார். மூன்றாவது முறைக்கு யாரும் இல்லை.

"மோட்டாரைக் கொஞ்சம் லேட்டா போடச் சொல்லுங்க" என்று புருஷனிடம் கெஞ்சினேன்.

"நைனா கிட்டயா? நானா? நீயே கேளேன், உன்மேல அவருக்குப் பிரியம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

சரி என்று நானே கேட்டேன். கேட்டது தப்பாகப் போயிற்று. மோட்டார் ஓடினால் மெஷின் ஓட மாட்டேன் என்கிறது மாமா என்றேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

"அட, அதான் பாத்தேன்! ரெண்டு மூணு நாளா கொழாய்ல தண்ணி சரியா வர்ல. இன்னாடான்னு நெனச்சேன். என் மோட்டாரு கரண்டை உன் மெஷின் குடிச்சிக்கினு இருக்குது!"

அந்த மோட்டாருக்குள் என் மெஷினைப் போட்டால் தொலைந்துவிடும். அதுவா இதைக் குடிக்கும்? ஆனால் மாமனார் முடிவு பண்ணிவிட்டார். சாயங்காலமே சோதனை வைத்துவிடலாம் என்றார். அவர் கிணற்றங்கரையில் குழாய் வாய்க்கு முன்னால் நின்று தண்ணியைப் பார்ப்பாராம். நான் அடுப்பங்கரையில் மெஷினைப் போட வேண்டுமாம். நடுவில், பின்கதவு ஓரமாக என் புருஷன் நின்று குரல் கொடுக்க வேண்டுமாம். மாமியார் முறத்தில் அரிசி புடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டார் ஓடியது. "போடச் சொல்லுடா!" என்று கழனியிலிருந்து சத்தம் வந்தது.

என் புருஷன் உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை. "போட்டாச்சு நைனா!" என்று கத்தினார்.

நான் இன்னும் பிளக்கைக் கையில்தான் வைத்திருந்தேன். சொருகவே இல்லை. சொருகலாம் என்று குனிவதற்குள் கழனியிலிருந்து மாமனார் குரல் வெற்றியோடு வந்தது.

"பாத்தியா! பாத்தியா! தண்ணி பாதியாக் கொறஞ்சிடுச்சு! நிறுத்தச் சொல்லுடா, பயிரு காஞ்சிடப் போவுது!"

"நிறுத்தியாச்சு நைனா!"

"ஆங்! இப்ப வருது பாரு, ஜம்முனு!"

நான் பிளக்கைப் பார்த்தேன். மாமியாரும் பிளக்கைப் பார்த்தார். அப்புறம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின, முறத்திலிருந்து அரிசி சிந்தியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மாமனாரிடம் போய் நீங்கள் பார்த்தது பொய் என்று எந்த மருமகள் சொல்லுவாள்? என் புருஷனோ சோதனை நன்றாக நடந்த திருப்தியில் இருந்தார்.

ராத்திரி சாப்பிடும்போது தீர்ப்பு வந்தது. "அறுப்பு முடியற வரைக்கும் அந்த மெஷினைத் தொடாத. அம்மி இருக்குது இல்ல? ரயிலு போனா போவட்டும். வேலை எங்க போவப் போவுது?"

வேலை போகத்தான் போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் நாளைக்கு வேறு ஒருத்தி உட்காரப் போகிறாள்.

மறுநாள் விடியற்காலையில் மோட்டார் சத்தம் கேட்டதும் எழுந்தேன். மல்லியை வறுத்தேன், அம்மியைக் கழுவினேன், கண்ணீரும் தண்ணியுமாக உட்கார்ந்து அரைக்கத் தொடங்கினேன். நாலு இழுப்பு இழுத்திருப்பேன். திடீரென்று மோட்டார் நின்றது. இருண்டு கிடந்த பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் போனால் பல்பும் போக வேண்டுமே என்று திகைத்து உட்கார்ந்திருக்கும்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு மாமியார் உள்ளே வந்தார். சேலை முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது. கையிலே மோட்டார் கொட்டகையிலிருந்து பிடுங்கி வந்த பியூஸ் கட்டை.

"எழுந்திரு. மெஷின்ல போடு" என்றார்.

"அத்தை, மாமா..."

"போடுன்னா போடு. நேரமாவுது."

போட்டேன். 'ர்ர்ர்' என்று அது தெம்பாகச் சுற்றியது. சத்தம் நிற்பதற்குள் மாமனார் சேற்றுக் காலோடு பின்வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்.

"மோட்டாரு நின்னுடுச்சு! கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டவர், ஓடுகிற மெஷினைப் பார்த்தார், எரிகிற பல்பைப் பார்த்தார், கடைசியில் மாமியாரின் கையைப் பார்த்தார்.

மாமியார் மறைக்கவில்லை. "கரண்டு இருக்குது. பீஸு என் கையில இருக்குது. இவ ரயில் ஏறினப்புறம் வந்து வாங்கிக்கினு போங்க. பயிரு கொஞ்ச நேரம் காத்துக்கினு இருக்கும். ரயிலு இருக்குமா?"

மாமனாருக்குக் கோபத்தை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை போலிருக்கிறது. "ஏமே, கழனி காயுதுமே" என்றார். குரல் அவ்வளவாக எழும்பவில்லை.

"காயட்டும். நேத்து இவ பிளக்கைக் கையில வெச்சிக்கினு நின்னா. அதுக்கே உங்க தண்ணி கொறஞ்சிடுச்சு. அந்தத் தண்ணியைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மாமனார் என் புருஷனைத் தேடினார். அவர் போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார். மாமனார் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தார். "சரி, அந்தக் கொட்டையையும் போட்டு அரைச்சிடு" என்றார் என்னிடம், பார்க்காமலே.

நான் சேலை மாற்றிக்கொண்டு வந்தபோது மாமியார் மீதி மசாலாவை டப்பாவில் வழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"நாலு எழுத்து படிச்சிருந்தா நான் எப்பவோ போயிருப்பேன்" என்றார். "இன்னா பாத்துக்கினு நிக்கிற? போ."

போனேன். ரிடையர் ஆகிற நாள் வரைக்கும் போனேன்.